கஞ்சாவுக்குக் கடை எதற்கு?

2014 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கஞ்சாக் கடைகள் திறந்தன. 21 வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமல், வெறும் கேளிக்கைக்காகக் கஞ்சா வாங்கிச் செல்லலாம். பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்து, இன்று அமெரிக்காவில் 24 மாநிலங்கள் இதை அனுமதித்திருக்கின்றன. கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் அனுமதித்தது. ஆக, பத்தாண்டுக்கும் மேலான அனுபவம் உலகத்தின் கையில் இருக்கிறது. அனுமதித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இனி ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, கணக்கைப் பார்த்தே சொல்லலாம். அந்தக் கணக்கிலிருந்து தெரிய வருவது இதுதான்: கஞ்சாவின் கேடு, எடுக்கும் அளவும் சரக்கின் வீரியமும் ஏற ஏறக் கூடுகிறது. அந்த இரண்டையும் ஏற்றாமல் கஞ்சா வணிகம் செழிக்க முடியாது. கேளிக்கைக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை எதிர்க்க இந்த இணைப்பு ஒன்றே போதுமான காரணம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். இந்த விவாதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. ஒன்று, மருந்து. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த கன்னபிடையால் என்ற பொருள், குழந்தைகளைத் தாக்கும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கு ட்ரோனபினால் 1985இலிருந்தே அங்கு பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டு, தண்டனையைக் குறைப்பது. சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்தாமல் ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் அனுப்பும் முறையைப் போர்ச்சுகல் 2001இல் கொண்டுவந்தது. மூன்று, கேளிக்கைக்கான வணிகம்: உற்பத்தி, விளம்பரம், கடை, பங்குச் சந்தை என்று நீளும் ஒரு தொழில். முதலிரண்டுக்கும் ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களைக் காட்டித்தான் மூன்றாவதற்கு அனுமதி கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை எதிர்ப்பது மூன்றாவதை மட்டும்.

கஞ்சா மூளைக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்தால்தான் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னபினால், சுருக்கமாக டி.எச்.சி., என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் தூய வடிவில் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டனர். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய 1988 வரை ஆனது. அப்போது அடையாளம் காணப்பட்ட ஏற்பியைத்தான் இன்று சி.பி.1 என்கிறோம். ஒரு செடியின் பொருளுக்காக மூளை ஏற்பியை வைத்துக்கொண்டிருக்காது. உடலே தயாரிக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தான் அது இருக்க வேண்டும். அந்த உட்பொருளும் 1992இல் கிடைத்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் செய்தி பொதுவாக ஒரே திசையில்தான் போகும். ஆனந்தமைடு வகைப் பொருள்களோ எதிர்த்திசையில் போகின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர் 'போதும், மெதுவாகப் பேசு' என்று பேசுபவரின் கையை அழுத்துவது போல, செய்தியை வாங்கும் அணு அனுப்பும் அணுவை அடக்குகிறது. எந்த இணைப்பில் தேவையோ அங்கே மட்டும், தேவையான கணத்தில் மட்டும் உருவாகி, வேலை முடிந்ததும் நொதிகளால் சிதைக்கப்பட்டுவிடும் நுட்பமான ஏற்பாடு இது. டி.எச்.சி.க்கு இந்த இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ், அசைவைச் சீராக்கும் சிறுமூளை, முடிவெடுக்கும் முன்மூளை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் விலகாமல் இருக்கிறது. கொழுப்பில் கரைவதால் உடலைவிட்டு முழுதாக நீங்கவும் நாள்கள் பிடிக்கின்றன.

எப்போதோ ஒருமுறை எடுத்தவரின் மூளை இதிலிருந்து மீண்டுவிடும். நாள்தோறும் எடுப்பவரின் மூளை வேறு வழியில்லாமல் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. தினசரிப் பழக்கமுள்ளவர்களை பெட் ஸ்கேன் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் மூளைப் புறணியில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருப்பதைக் காட்டியது. சுமார் நான்கு வாரம் நிறுத்தியபின் அவை பழைய நிலையை நோக்கித் திரும்பின. ஏற்பிகள் குறைந்தால் பழைய அளவில் போதை ஏறாது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நிறுத்தினால் தூக்கம் போகும், எரிச்சல் வரும், பசி மங்கும். பழக்கம் பிடியாக மாறுவது இப்படித்தான். வளரிளம் பருவத்தில் பாதிப்பு இன்னும் ஆழமானது. முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வேண்டாத இணைப்புகளைக் கழித்து வேண்டியவற்றை உறுதிப்படுத்தும் அந்த வேலையில் இதே சி.பி.1 அமைப்புக்குப் பங்கு உண்டு. கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் வாழ்நாளில் அடிமைப்படுகிறார்கள் என்றும், பதின்வயதிலேயே தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் அப்படி ஆகிறார் என்றும் பழைய கணிப்புகள் சொல்லின. அவை வீரியம் குறைந்த காலத்துக் கணிப்புகள். இப்போது பயன்படுத்துபவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குக் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறு இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

வீரியம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகம் பராமரிக்கும் பதிவு நல்ல சான்று. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்படும் கஞ்சாவை அங்கே பல பத்தாண்டுகளாகப் பகுத்துப் பார்க்கிறார்கள். 1995இல் சராசரி டி.எச்.சி. சுமார் 4 விழுக்காடு. 2014இல் சுமார் 12. போதையை ஓரளவு மட்டுப்படுத்துவதாகக் கருதப்படும் கன்னபிடையாலுக்கும் டி.எச்.சி.க்கும் உள்ள விகிதம் அதே காலத்தில் 14 மடங்கிலிருந்து 80 மடங்காக ஏறியது. இது கள்ளச் சந்தையின் கணக்கு. வீரியம் ஏறத் தொடங்கியதற்குச் சட்ட அனுமதியைக் குறை சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் முறையான வணிகம் வந்தால் வீரியம் கட்டுக்குள் வரும் என்ற வாக்குறுதி என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற கடைகளில் இன்று 20 விழுக்காட்டைத் தாண்டிய பூ சாதாரணச் சரக்கு. அதற்குமேல், செடியே இல்லாத சரக்கும் வந்துவிட்டது. பியூட்டேன் போன்ற கரைப்பானைக் கொண்டு பூவிலிருந்து போதைப்பொருளை மட்டும் உருவியெடுத்து, மெழுகுக் கட்டியாகவோ கண்ணாடிச் சில்லாகவோ விற்கிறார்கள், இதில் டி.எச்.சி. 60 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். வாங்குபவர் ஒரு குவார்ட்ஸ் கிண்ணத்தை டார்ச் நெருப்பால் காய்ச்சி, அதில் அரிசியளவு துண்டைப் போட்டு, எழும் ஆவியை ஒரே மூச்சில் உள்ளிழுக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பீடிச் சுருட்டையும் இதையும் கஞ்சா என்ற ஒரே பெயரில் அழைப்பதே தவறான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது.

தின்பண்டமாக வரும் கஞ்சாவுக்கு வேறொரு இயல்பு உண்டு. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தலைக்கேறுவது, சாக்லேட்டாகவோ கம்மி மிட்டாயாகவோ தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். வழியில் கல்லீரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற வடிவமாக மாற்றுகிறது. அது மூளைக்குள் எளிதில் நுழையக்கூடியது. ஒன்றும் ஆகவில்லையே என்று புதியவர் இரண்டாவது துண்டையும் தின்றுவிடுவார். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்க, செத்துவிடுவோம் என்ற பயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவார். பெரியவர்களாவது தெரிந்து தின்கிறார்கள். அமெரிக்காவின் நச்சுத் தகவல் மையங்களில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தின்றதாகப் பதிவானவை 2017இல் 207, 2021இல் 3,054. மிட்டாயையும் மருந்தையும் பிரித்துப் பார்க்கக் குழந்தைக்குத் தெரியாது. கனடாவில் இதே வகை நச்சேற்றத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை கூடியபோது, மிட்டாய், சாக்லேட் வடிவங்களை அனுமதித்த ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலங்களில் அது வேகமாக ஏறியது. அவற்றைத் தடுத்துவைத்த கியூபெக்கில் அவ்வளவு ஏறவில்லை. கடையில் எதை அடுக்குகிறோம் என்பது மருத்துவமனையில் யார் படுக்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

வியாபாரிகள் ஏன் வீரியத்தையும் வடிவங்களையும் துரத்துகிறார்கள்? அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. கொலராடோ கடைகள் திறந்த அதே 2014இல் அந்த மாநில அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட சந்தை அறிக்கை இதற்கான விடையை வைத்திருக்கிறது. ஏறக்குறைய தினமும் பயன்படுத்துபவர்கள் மொத்தப் பயனாளர்களில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் மொத்தத் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. மாதம் ஒருநாள் நண்பர்களோடு ஒரு இழுப்பு இழுப்பவரால் கல்லா நிறையாது. சட்டம் கேட்டு வாதாடும்போது அந்த நிதானமான மனிதரைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். கடை திறந்தபின் தொழில் உயிர்வாழ்வது தினமும் எடுப்பவரை வைத்து. அவருக்கோ ஏற்பிகள் குறைந்து வீரியம் அதிகமான சரக்கு தேவைப்படுகிறது. அவருக்கு விற்பதும், அவரைப் போன்ற இன்னொருவரை உருவாக்குவதும்தான் லாபம். நல்ல மனம் படைத்த முதலாளியும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இந்தக் கணக்கை நன்கு அறிந்த பழைய கைகள் சந்தைக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. மார்ல்பரோ சிகரெட் தயாரிக்கும் ஆல்ட்ரியா நிறுவனம் 2018 டிசம்பரில் கனடாவின் குரோனோஸ் கஞ்சா நிறுவனத்தில் 180 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. மது நிறுவனமான கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் அதே ஆண்டு கேனபி குரோத் நிறுவனத்தில் சுமார் 400 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது.

விளைவு தேசியக் கணக்கெடுப்புகளில் தெரிகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜொனத்தன் கால்கின்ஸ் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா எடுப்பவர்கள் 1992இல் பத்து லட்சத்துக்கும் குறைவு. 2022இல் 1 கோடியே 77 லட்சம். அதே ஆண்டில் தினமும் குடிப்பவர்கள் 1 கோடியே 47 லட்சம். மது குடிப்பவர்களின் மொத்த எண்ணிக்கை இன்னும் பல மடங்கு அதிகம் என்றாலும், தினசரிப் பழக்கத்தில் கஞ்சா மதுவை முந்திவிட்டது. இதைச் சட்டம் மட்டுமே செய்தது என்று சொல்லிவிட முடியாது; மக்களின் மனப்பான்மை மாறியதால் சட்டம் மாறியது, சட்டம் மாறியதால் மனப்பான்மை இன்னும் மாறியது. ஆனாலும், கடைகள் வந்தால் கள்ளச் சந்தையில் வாங்கியவர்கள் இங்கே வாங்குவார்கள், பயன்பாடு அதிகரிக்காது என்று சொன்ன கணிப்பு பொய்த்துவிட்டது. நாட்பட்ட பழக்கத்தின் உடல் அடையாளம் ஒன்று மருத்துவமனைகளில் இப்போது பழகிவிட்ட காட்சி. 2004இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பகுதியிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட கஞ்சா வாந்தி நோய் அது. ஆண்டுக்கணக்கில் தினமும் எடுத்தவருக்குத் திடீரென்று நிற்காத வாந்தி, அடிவயிற்று வலி, வழக்கமான வாந்தி மாத்திரை கேட்பதில்லை. கொதிக்கும் வெந்நீரின் கீழ் நின்றால் மட்டும் சற்று அடங்குவதால் நோயாளிகள் நாளெல்லாம் குளியலறையிலேயே கிடப்பார்கள். ஒன்டாரியோவில் இந்த நோயோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2014க்கும் 2021க்கும் இடையில் சுமார் 13 மடங்கானது.

இவற்றைவிடப் பாரமானது மனநலத்தின் மீதான தாக்கம். இல்லாத குரல் கேட்பதும், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்புவதும் போன்ற மனப்பிறழ்வுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பை முதலில் பெரிய அளவில் காட்டியது சுவீடன். கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,000க்கும் அதிகமான இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு அதை எடுக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. 2019இல் மார்த்தா டி ஃபோர்ட்டி தலைமையிலான குழு ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு, டி.எச்.சி. 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அமெரிக்கக் கடைகளில் அந்த 10 விழுக்காட்டுச் சரக்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும். டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, 21 முதல் 30 வயது வரையிலான ஆண்களில் மனச்சிதைவு நோயில் முப்பது விழுக்காடு வரை கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறைத் தடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும்: தொடர்பு இருப்பதாலேயே அது காரணம் ஆகிவிடுமா? நோய் தொடங்கும் நிலையில் இருப்பவர்கள் மன அமைதி தேடிக் கஞ்சாவை நாடலாமே. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள் இருக்கலாமே. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்பதை ஆய்வுகள் காட்டியும் இருக்கின்றன. பதின்வயதில் கஞ்சா தொடங்கினால் அறிவுத்திறன் எண் குறையும் என்று நியூசிலாந்தின் டனெடின் ஆய்வு 2012இல் சொன்னதை, பின்னர் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு பெரிதும் குடும்பச் சூழலின் விளைவாகவே கண்டது. எனவே அறிவுத்திறன் வாதத்தை நான் இங்கே சார்ந்திருக்கவில்லை. ஆனால் மனப்பிறழ்வு விஷயத்தில் சான்றுகள் பல பக்கத்திலிருந்து ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அளவு ஏற ஏற வாய்ப்பு ஏறுகிறது. வீரியம் ஏற ஏறவும் ஏறுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் நலமான தன்னார்வலர்களுக்கு நரம்பு வழியாக டி.எச்.சி. செலுத்தி 2004இல் வெளியான பரிசோதனையில் அவர்களுக்கும் தற்காலிகமாக மனப்பிறழ்வு அறிகுறிகள் தோன்றின; அங்கே மரபணுவைக் கைகாட்ட இடமில்லை. ஒன்டாரியோவின் 1 கோடியே 36 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2025இல் வெளியான ஆய்வில், புதிய மனச்சிதைவு நோயாளிகளில் கஞ்சாக் கோளாறோடு தொடர்புடையவர்களின் பங்கு அனுமதிக்கு முந்தைய 3.7 விழுக்காட்டிலிருந்து 10.3 ஆக உயர்ந்தது. மனச்சிதைவின் மொத்த விகிதம் ஏறவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. வகை உறுதியாகாத மனப்பிறழ்வோ கணிசமாகக் கூடியிருந்தது. கஞ்சா எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனநோய் வராது என்பதும் உண்மை. ஆனால் எவருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் கடைக்காரரிடம் இல்லை.

மது இதைவிடக் கொடியது, அதை விற்கும்போது இதை ஏன் தடுக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். அதன் முதல் பாதி சரி. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் சி.பி.1 ஏற்பிகள் மிகக் குறைவு என்பதால், அபினி வகைகளைப் போலவோ மதுவைப் போலவோ அளவு மீறிய கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. ஆனால் சாவு ஒன்றைத் தவிர வேறு எதுவும் கேடு இல்லை என்றால் மட்டுமே இது வாதம் ஆகும். இரண்டாம் பாதியோ தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. மதுவையும் புகையிலையையும் கொடியவை ஆக்கியது அவற்றின் வேதியியல் மட்டுமா? கோடிக்கணக்கானவர்களிடம் அவற்றைக் கொண்டு சேர்த்த தொழிலும்தானே. ஒருமுறை வேரூன்றிய தொழிலைப் பிடுங்க முடியாமல் அரை நூற்றாண்டாகப் போராடும் சமூகம், மூன்றாவதாக ஒன்றை நடுவதற்கு முதலிரண்டைக் காரணம் காட்டலாகாது. கஞ்சா வந்தால் மது குறையும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் ஏராளம், சேர்த்து எடுத்துவிட்டு வண்டி ஓட்டுவது தனித்தனியாக எடுப்பதைவிட ஆபத்தானது. குடித்தவரைக் கருவியில் ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். கஞ்சாவில் இரத்தத்திலுள்ள டி.எச்.சி.யின் அளவுக்கும் தடுமாற்றத்துக்கும் நேரான பொருத்தம் இல்லை. கொலராடோ வைத்திருக்கும் 5 நானோகிராம் வரம்புகூடத் தோராயமான கோடுதான்.

ஆதரவாளர்கள் காட்டும் நல்ல சான்று ஒன்றை மறைக்கக் கூடாது. கடைகள் திறந்தால் பள்ளி மாணவர்களிடம் கஞ்சா பரவும் என்று பலர் அஞ்சினார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அப்படி நடக்கவில்லை. கொலராடோவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் கடந்த 30 நாளில் கஞ்சா எடுத்தவர்கள் 2013இல் ஏறத்தாழ 20 விழுக்காடு, பெருந்தொற்றுக் காலமான 2021இல் 13. அந்த அச்சம் மிகை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அபாயம் 18 வயதில் முடிந்துவிடுவதில்லை. முன்மூளை இன்னும் முதிராத, மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டும் வயது அதற்கடுத்த பத்தாண்டுகள். 'மானிட்டரிங் தி ஃப்யூச்சர்' என்ற நீண்டகாலக் கணக்கெடுப்பில் 19 முதல் 30 வயது வரையிலானவர்களில் தினமும் எடுப்போர் 2012இல் 6 விழுக்காடு, 2022இல் 11. சட்டம் தடுத்த வயதில் குறைந்து, கடை வரவேற்கும் வயதில் ஏறக்குறைய இரட்டித்தது என்றால், தடைக்குப் பயன் உண்டு என்பதைத்தான் அது காட்டுகிறது.

சிறைகளைப் பற்றிய வாதம் மனசாட்சியைத் தொடுவது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா எடுத்தும், 2010இல் கஞ்சாவுக்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட 3.73 மடங்காக இருந்ததை அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் வெளிக்கொணர்ந்தது. இந்த அநீதிக்கு மருந்து தண்டனையை நீக்குவது; கடை திறப்பது அல்ல. போர்ச்சுகல் ஒரு கஞ்சாக் கடைகூடத் திறக்காமல் அதைச் செய்தது. கள்ளச் சந்தை ஒழியும் என்ற நம்பிக்கையும் முழுதாகப் பலிக்கவில்லை. 2016இல் வாக்களித்து 2018இல் விற்பனையைத் தொடங்கிய கலிபோர்னியாவில் வரி, உரிமம், பரிசோதனைச் செலவுகளால் கடைச் சரக்கு விலை ஏறியது. வரி கட்டாத கள்ளச் சரக்கு இன்றுவரை பெரும் பங்கோடு ஓடுகிறது. வரியைக் குறைத்தால் சரக்கு மலிந்து பயன்பாடு கூடும். கூட்டினால் கள்ளச் சந்தை கொழிக்கும். இந்த இக்கட்டிலிருந்து எந்த மாநிலமும் வெளிவரவில்லை.

சரி, கறாராக ஒழுங்குபடுத்தினால்? கனடா அதைத்தான் முயன்றது: எளிய உறை, விளம்பரக் கட்டுப்பாடு, ஒரு பொதித் தின்பண்டத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்ற உச்சவரம்பு. அவ்வளவும் செய்த நாட்டிலிருந்துதான் மேலே சொன்ன ஒன்டாரியோவின் எண்கள் வந்தன. ஒன்டாரியோவில் தொடக்கத்தில் கடைகள் குறைவு. உரிமங்கள் தளர்த்தப்பட்டுக் கடைகள் பெருகியபின்தான் வாந்தி நோய் வருகைகள் வேகமெடுத்தன. கியூபெக் அரசே கடை நடத்தி, மிட்டாய்களைத் தடுத்து, வயதையும் 21 ஆக்கியது. கேடும் குறைவாக வந்தது. அப்படியானால் வணிகத்தை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கேடு குறைகிறது என்பதுதான் பாடம். ஆனால் இறுக்கம் நீடிப்பதில்லை. தொழில் வளர வளர அதைத் தளர்த்தும் அழுத்தமும் வளர்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தபின் 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்று பின்வாங்கியது. இடைப்பட்ட மூன்றாண்டில் கடை, வேலை, கடன் என்று இதை நம்பிய ஒரு கூட்டமே உருவாகிவிட்டதால் திரும்பும் பாதை கடினமாகிவிட்டது.

நம் நாட்டில் காலங்காலமாக இருந்ததுதானே என்று கேட்பவர்கள் 1893-94இல் அமைந்த இந்தியக் கஞ்சாக் குழுவைத் துணைக்கழைப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கிய அக்குழு, அளவான பயன்பாட்டால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்றும், முழுத் தடையைவிட வரியும் உரிமமும் மேல் என்றும் சொன்னது உண்மை. மிகையான பயன்பாடு கெடுக்கும் என்று சொன்னதும் அதே குழுதான். டி.எச்.சி. என்றொரு பொருள் இருப்பதே தெரியாத காலத்தில், இலையை அரைத்துக் குடித்த பாங்கையும் பூவைக் கசக்கிப் புகைத்த கஞ்சாவையும் பார்த்து எழுதிய தீர்ப்பை, 80 விழுக்காட்டு மெழுகுக்குச் சான்றிதழாக நீட்டுவது அந்தக் குழுவுக்கே செய்யும் அநீதி. 1985இன் போதைப்பொருள் சட்டமும் பூக்கும் முனையைக் கஞ்சாவென்று தடுத்து இலையைத் தனியே விட்டது. எய்ம்ஸ் மருத்துவமனை 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஓராண்டுக்குள் ஏதாவதொரு கஞ்சாப் பொருளை எடுத்தவர்கள் 2.8 விழுக்காடு. அமெரிக்காவில் 2022இல் அது 22. கணக்கெடுப்பு முறைகள் வேறு, சமூகங்கள் வேறு என்றாலும் இடைவெளி சிறியதல்ல. இழப்பதற்கு நம்மிடம் நிறைய இருக்கிறது.

கடைசியாக, வருவாய். கொலராடோவின் கஞ்சா வரி வருவாய் 2021இல் 42 கோடி டாலரைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டடம் கட்டுவதாகத் திட்டமிட்ட அரசுக்கு அது கவலை தரும் செய்தி ஆனது. மக்கள் போதையைக் குறைத்தால் அரசு வருத்தப்படும் நிலை எவ்வளவு விபரீதமானது என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 2003இல் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. இன்று டாஸ்மாக் வழியாக ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல் கருவூலத்துக்கு வருகிறது. மதுவிலக்கை வாக்குறுதியாகத் தராத கட்சி அரிது, அந்தப் பணத்தை விட்டுவிடும் அரசு அதைவிட அரிது.

ஆகவே என் முடிவு இது. கஞ்சா வைத்திருந்த இளைஞனைச் சிறைக்கு அனுப்பி அவன் எதிர்காலத்தைக் கெடுக்க வேண்டாம். நம் சட்டத்தில் சிறு பயன்பாட்டுக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதை மாற்றக் கேட்கலாம், கேட்க வேண்டும். சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த மாவட்டந்தோறும் மறுவாழ்வு மையங்களும் மனநல மருத்துவர்களும் வேண்டும். மருந்தாகப் பயன்படும் கூறுகளை மருந்துக்கான கடுமையான சோதனைகளுக்கு உட்படுத்திக் கொண்டுவரலாம். இவை எல்லாவற்றையும் ஒரு கடைகூடத் திறக்காமல் செய்துவிட முடியும். கடை திறந்த நாடுகள் இப்போது வீரியத்துக்கு வரம்பு வைக்கவும், மிட்டாய்களைத் திரும்பப் பெறவும், மருத்துவமனைக் கணக்குகளைச் சரிசெய்யவும் தொழிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மல்லுக்கட்டை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை நமக்கில்லை.